கீழச் சுவர்

2003 மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கம்பம் கடைவீதியில் நான் நர்சாக இருந்த கிளினிக்குக்கு நான்கு பேர் தையல் போட வந்தார்கள். அதில் மூன்று பேரைக் காயப்படுத்தியது நான்காவது ஆள். அந்த நான்காவது ஆள் நாற்பது வயதுப் பெண். பெயர் ரெஹானா. கிழிந்த உள்ளங்கையில் ஒரு ஜாக்கெட் துணியைச் சுற்றிக்கொண்டு பெஞ்சின் ஒரு கோடியில் உட்கார்ந்திருந்தாள். மறுகோடியில் அவள் கணவருடைய அண்ணன் மகன் அப்சல், புருவம் பிளந்து, சட்டையெல்லாம் ரத்தமாக இருந்தான். அவனோடு வந்த இருவரில் ஒருவனுக்குக் காது தொங்கியது. இன்னொருவனுக்கு இரண்டு விரல் ஒடிந்திருந்தது.

"சிஸ்டர், மொதல்ல எனக்குப் போடுங்க, கண்ணுக்குள்ள எறங்குது" என்றான் அப்சல்.

"வரிசையில வாடா. நான்தான் மொதல்ல வந்தேன்" என்றாள் ரெஹானா.

"நீதான சின்னம்மா அடிச்ச!"

"அடிச்சுட்டு நேரா வந்துட்டேன். நீ தெருவுல நின்னு அழுதுட்டு வந்த."

காது தொங்கியவனுக்கு வலியிலும் சிரிப்பு வந்துவிட்டது. அப்சல் அவன் பிடரியில் ஒன்று வைத்தான். டாக்டர் உள்ளே இருந்து சத்தம் போட்ட பிறகுதான் அடங்கினார்கள்.

நான் அப்சலுக்குத்தான் முதலில் போட்டேன். புருவத்தில் ஏழு தையல். அவள் முறைத்தாள். ரத்தம் போகிற வேகத்தைப் பார்த்துத்தான் வரிசை என்று சொன்னேன். அவள் முறை வந்ததும் கையை நீட்டி, ஊசி இறங்குவதை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இம்புட்டு அகலமாவா போடுவீக? நான் ஃபால்ஸ் தைக்கிறதுக்கே இதைவிட நெருக்கிப் போடுவேன்."

"சேலைக்கு வலிக்காது. நீ பேசாம இரு."

அப்படித்தான் பழக்கம். அதற்குப் பிறகு ஏழு வருடத்தில் அவள் சம்பந்தப்பட்ட எத்தனை காயங்களுக்குக் கட்டுப் போட்டேன் என்று எண்ணவில்லை. பாதிக்கு மேல் அவள் மற்றவர்களுக்குக் கொடுத்தவை.

ரெஹானா பிறந்தது உத்தமபாளையம். பதினெட்டு வயதில் கம்பத்துக்கு வாக்கப்பட்டு வந்தாள். குழந்தை இல்லை. கணவர் 2001இல் நெஞ்சுவலியில் இறந்தார். கிளினிக் வாசலில் ஆட்டோவிலிருந்து இறக்கும்போதே உயிர் இல்லை. அதற்கு இரண்டு வருடம் முன்னதாகவே தன் பங்கு வீட்டை அவள் பேரில் பதிந்து வைத்திருந்தார். அதில் வில்லங்கம் ஒன்றும் கிடையாது. சண்டை வீட்டைப் பற்றியது அல்ல, அது நின்ற இடத்தைப் பற்றியது.

கடைவீதி கிழக்கு மேற்காகப் போகிறது. அதில் வடக்குப் பார்த்த மாடி வீடு, கட்டி நூறு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும், தேக்கு உத்திரமும், உத்திரத்தின் மேல் செங்கல்லைச் சாய்த்து அடுக்கிய மச்சும். பங்கு பிரித்தபோது நடுவில் ஓடிய இரண்டடிச் சுவரை எல்லையாக வைத்து, மேற்குப் பாதியை அண்ணன், அப்சலின் அப்பா அப்துல் ஜலீலும், கிழக்குப் பாதியைத் தம்பி, ரெஹானாவின் கணவரும் எடுத்துக்கொண்டார்கள். நடுச்சுவர் பொதுச்சுவர். ஜலீலுக்கு அது கிழக்கே இருக்கும் கீழச் சுவர், ரெஹானாவுக்கு மேற்கே இருக்கும் மேலச் சுவர். இரண்டு பக்கத்து உத்திரங்களின் நுனியும் அந்த ஒரே சுவரில்தான் உட்கார்ந்திருந்தன.

ஜலீல் இரண்டு பாதியையும் தரைமட்டமாக்கி நான்கு மாடிக்குக் கடைகள் கட்ட நினைத்தார். கடைவீதியில் அப்போது எல்லாரும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். ரெஹானா மறுத்ததற்குப் பழைய வீட்டின் மேல் பாசம் காரணம் இல்லை. அந்த வீட்டில் தேள் விழும், படி செங்குத்து, மழைக்கு மூன்று இடத்தில் ஒழுகும். அவளே சொல்லுவாள்.

"இடிச்சுக் கட்டுனா முன்னால பத்தடி விடணும்னு முனிசிபாலிட்டியில சட்டம். எம் பங்கு ஆழமே இருபத்திரண்டு அடி. பத்தை ரோட்டுக்குக் குடுத்துட்டு மிச்சத்துல படி ஏத்துனா நான் எங்கன மெஷினைப் போட? அவுக பின்னால இருக்க எடத்தையும் வாங்கிட்டாக, அவுகளுக்குப் பத்தடி போனா மயிரு போன மாதிரி. பழசு நிக்கிறவரைக்கும் அதை யாரும் பின்னால தள்ளச் சொல்ல முடியாது. விழுந்துச்சுன்னா நான் போனேன்."

கீழே துணிக்கடை, மாடியில் ஆறு தையல் மெஷின், பன்னிரண்டு பெண்கள் கற்றுக்கொள்ள வருவார்கள். அதுதான் அவள் பிழைப்பு. ஆகவே வீடு விழாமல் இருக்க வேண்டும். விழாமல் இருக்க வேண்டுமென்றால் பழுது பார்க்க வேண்டும். அவள் கணக்கு அவ்வளவுதான்.

அந்த மே மாதம் அப்சலும் இரண்டு பேரும் மெஷின்களைத் தூக்கித் தெருவில் வைக்க வந்தார்கள். இரண்டு மெஷின் தெருவுக்கு வந்தது. மூன்றாவதைத் தூக்கும்போது அவள் துணி அளக்கும் இரும்புக் கஜக்கோலை எடுத்தாள்.

பழுது பார்க்க அவள் பிடித்த கொத்தனார் ராக்கையா, ஓடைப்பட்டிக்காரர். ஐம்பது வயது, ஒல்லி, வாய் அதிகம். சிமெண்ட் பூசினால் பழைய சுவர் உள்ளுக்குள் ஈரம் கட்டிப் பொரிந்து விழும், சுண்ணாம்புதான் வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். புழக்கடையில் குழி வெட்டிச் சுண்ணாம்பை நீற்றி ஊறப்போட்டார். மச்சுக்கு அடியில் சவுக்குக் கம்பால் முட்டுக் கொடுத்து, செல்லரித்த உத்திரத்தை ஒவ்வொன்றாக உருவிவிட்டு வேறு ஏற்றினார். ஒரே நேரத்தில் இரண்டை எடுக்கமாட்டார். அவசரப்பட்டால், "பாயம்மா, பல்லைப் புடுங்குற மாதிரிதான். எல்லாத்தையும் ஒண்ணாப் புடுங்குனா மூஞ்சி உள்ள போயிரும்" என்பார்.

இரண்டாவது மாதம் சுண்ணாம்புக் குழியில் செத்த நாய் கிடந்தது. அதை எடுத்துப் போட்டுவிட்டு மேலாக ஓரடியை வெட்டி எறிந்தார்கள். மூன்றாவது மாதம் ராக்கையா சைக்கிளில் போகும்போது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நிறுத்திச் சங்கிலியால் அடித்தார்கள். முதுகில் பதினோரு தடிப்பு, இரண்டு இடத்தில் தோல் விட்டிருந்தது. மருந்து வைக்கும்போது, வேறு வேலையா கிடைக்காது, விட்டுவிட்டுப் போங்கள் என்றேன்.

"அடிக்கிறதுக்கு முந்தியே போயிருக்கணும் சிஸ்டரம்மா. இப்பப் போனா அடிக்குப் பயந்து போயிட்டான்னு ஓடைப்பட்டியில சிரிப்பாக. எம் பொண்டாட்டியே சிரிப்பா."

மறுநாள் அப்சலுடைய பைக்கின் டேங்கில் யாரோ ஒரு கரண்டி நீற்றின சுண்ணாம்பைப் போட்டிருந்தார்கள். யார் என்று நான் கேட்கவில்லை. ரெஹானாவின் விரல் நுனிகள் வெந்திருந்தன. தேங்காய் எண்ணெய் தடவி அனுப்பினேன்.

2004 செப்டம்பரில் ஜலீல் தன் பாதியை மட்டும் இடித்துக் கட்ட அனுமதி வாங்கிவிட்டார். இதுதான் சரியான ஆபத்து. மேற்குப் பாதியை இடிக்கிற சாக்கில் நடுச்சுவர் போனால் கிழக்குப் பாதி தானாக உட்காரும். உட்கார்ந்த வீட்டை அபாயக் கட்டடம் என்று நகராட்சியே அப்புறப்படுத்திவிடும். ஒருவரும் கஜக்கோலுக்கு முன்னால் நிற்க வேண்டாம்.

ரெஹானா ஜமாத்துக்குப் போனாள். பள்ளிவாசல் ஆபீஸ் அறையில் ஆறு பெரியவர்கள் முன்னால் ஜலீலை வைத்துப் பேசினார்கள். அவள் வராந்தாவில் நின்று கேட்டாள். ஜலீல் முரடர். தெருவில் ஆளை அடித்திருக்கிறார், ஆளை விட்டும் அடித்திருக்கிறார். ஆனால் பள்ளிவாசலுக்குள் சொன்ன வார்த்தையை அவர் மாற்றியதாக ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

"எங் கீழச் சொவத்துல கை வைக்கமாட்டேன். மத்தது என் இஷ்டம்" என்றார் ஜலீல்.

"இது போதுமா ரெஹானா?" என்று பெரியவர் ஒருவர் வெளியே பார்த்துக் கேட்டார்.

"அவுக சொன்னாப் போதும்" என்றாள். பிறகு என்னிடம், "மனுசன் வெசம். வாக்கு மட்டும் சுத்தம்" என்றாள்.

அக்டோபர் முதல் வாரம் வெள்ளிக்கிழமை. ஜலீல் குமுளிப் பக்கமிருந்து ஒரு ஜேசிபியை வரவழைத்திருந்தார். ஓட்டி வந்தவன் தங்கச்சன், வண்டிப்பெரியாற்றுக்காரன், முப்பது வயது இருக்கும். தமிழ் அரையும் குறையும். ஜும்ஆ தொழுகைக்கு நேரமாகிவிட்டது. ஜலீல் அவனிடம், "கீழச் சொவத்தைத் தொடாதே. மேலச் சொவரு மத்ததெல்லாம் எடுத்துட்டே இரு. தொழுதுட்டு வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு மகனையும் கூட்டிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனார். டீக்கடைக்காரர் முன்னால் சொன்னது. அவரும் அப்படியே கேட்டதாகத்தான் பிறகு சாட்சி சொன்னார்.

வெள்ளிக்கிழமை தையல் வகுப்பு கிடையாது. அதனால் பன்னிரண்டு பெண்கள் பிழைத்தார்கள். ரெஹானா கீழே பின்னறையில் பாய் விரித்துத் தொழுதுகொண்டிருந்தாள். ராக்கையா மாடியில் நடுச்சுவரை ஒட்டி உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்திருந்தார்.

தங்கச்சன் இடிபாட்டு மேட்டில் வண்டியை ஏற்றி நிறுத்தி, மாடிச் சுவர்களை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வந்தான். தென்சுவர், மேற்குச் சுவர், பிறகு நடுச்சுவரின் மாடிப் பாகம். ஜேசிபியின் கை இரண்டு முறை மோதியது. மூன்றாவதில் மாடிச் சுவர் ரெஹானா பக்கம் சாய்ந்தது. அதில் நுனி வைத்திருந்த உத்திரங்கள் வழுக்க, மாடி மச்சு மொத்தமாக உள்ளே விழுந்தது. மெஷின்களின் மேல் விழுந்தது. ராக்கையாவின் மேலும் விழுந்தது.

கிளினிக்கில் மருந்து பாட்டில்கள் ஆடின. நான் ஓடிப் போனபோது தெருவே தெரியாமல் சுண்ணாம்புத் தூசி. அதற்குள்ளிருந்து ரெஹானா வெளியே வந்தாள். தலை முதல் கால் வரை வெள்ளை. கையில் கஜக்கோல். நேராக ஜேசிபியின் மேல் ஏறினாள். தங்கச்சன் என்ன நடந்தது என்று எட்டிப் பார்க்கத் தலையை வெளியே நீட்டியிருந்தான். அவள் கோலை இரண்டு கையாலும் பிடித்து முகத்துக்குக் குறுக்கே அடித்தாள். முதல் அடி அவளுடையது. அவன் இடது கண்ணைக் கெடுத்தது அந்த அடிதான், வேறு யாருடையதும் இல்லை. நான் பத்தடி தூரத்தில் நின்று பார்த்தேன்.

அதற்குப் பிறகு தெரு அவனை இழுத்துப் போட்டது. லோடுமேன்கள், கடைக்காரர்கள், பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள். விலா, வயிறு, தலை என்று பார்க்காமல் மிதித்தார்கள். அவனை யாரென்று தெரியாதவன்கூட ஒரு மிதி மிதித்துவிட்டுத்தான் என்ன விஷயம் என்று கேட்டான்.

எனக்கு இரண்டு பேரில் ஒருவரைத்தான் முதலில் பார்க்க முடியும். மேலே ராக்கையா கத்திக்கொண்டிருந்தார். கத்துகிறவருக்கு மூச்சு இருக்கிறது. கீழே கிடந்தவன் கத்துவதை நிறுத்திவிட்டிருந்தான். நான் கூட்டத்துக்குள் புகுந்து அவன் மேல் குப்புறப் படுத்துக்கொண்டேன். என் முதுகில் நான்கைந்து விழுந்தது. வெள்ளை யூனிபாரத்தைப் பார்த்ததும் நிறுத்தினார்கள். இரண்டு பேரை மிரட்டி அவனைக் கிளினிக்குக்குத் தூக்க வைத்துவிட்டு மாடிக்குப் போனேன்.

ராக்கையாவின் வலது கால் முழங்காலுக்குக் கீழே உத்திரத்துக்கு அடியில் இருந்தது. ரெஹானாவும் நான்கு ஆட்களும் கடப்பாரையால் நெம்பினார்கள். தூக்கியதும் பார்த்தேன், கால் இல்லை, கால் இருந்த இடத்தில் துணியும் கூழும்தான். தொடையில் துண்டை இறுக்கி முறுக்கினேன்.

"பாயம்மா, கீழ் மச்சு நிக்கிதா?" என்றார் அவர்.

"நிக்கிதுண்ணே."

"நான் மாத்துன உத்திரம்ல" என்று சொல்லிவிட்டுத்தான் மயங்கினார். தேனிப் பெரிய ஆஸ்பத்திரியில் அன்று மாலையே முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள்.

டாக்டர் அன்று ஊரில் இல்லை. கிளினிக்குக்குத் திரும்பித் தங்கச்சனைப் பார்த்தேன். இடது கண் போய்விட்டது. மூன்று விலா எலும்பு ஒடிந்திருந்தது. மூச்சு மட்டும் சீராக இருந்தது. கண்ணைக் கழுவி மூடும்போது அவன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"ஞான் தாழத்தெ பித்தி தொட்டில்லா சிஸ்டரே. மேலத்தெ மாத்ரமே எடுத்துள்ளூ. அயாள் பறஞ்ஞது அதல்லே?"

நான் கோட்டயம் பக்கம் மூன்று வருடம் நர்சிங் படித்தவள். இல்லையென்றால் அதை வெறும் முனகல் என்று விட்டிருப்பேன். நான் அடிச்சுவரைத் தொடவில்லை, மேல்சுவரை மட்டும்தான் எடுத்தேன், அவர் சொன்னது அதுதானே என்கிறான். கீழச் சுவர் என்றால் எங்களுக்குக் கிழக்குச் சுவர். அவன் பேச்சில் கீழே என்றால் அடி, மேலே என்றால் உச்சி. கீழ்த்தளம் நிற்கட்டும், மாடியை எடு என்று அவன் விளங்கிக்கொண்டான். சொன்னபடி செய்தான்.

கட்டுப் போட்டு ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டு ரெஹானாவைத் தேடினேன். அவள் போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்: ஜலீல் சொல்லித்தான் டிரைவர் சுவரை இடித்தான் என்று. ஜலீலைப் பள்ளிவாசல் வாசலிலிருந்தே ஜீப்பில் ஏற்றிப் போய்விட்டார்கள். அவள் கடைப்படியில் உட்கார்ந்து தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். டிரைவர் சொன்னதைச் சொன்னேன்.

"கீழச் சொவருன்னா கீழச் சொவருதான" என்றாள்.

"உனக்கும் எனக்கும். அவனுக்குக் கீழன்னா அடியில."

அவள் கையிலிருந்த சொம்பு அப்படியே நின்றது. தண்ணீர் மடியில் ஒழுகியது.

"அப்ப ஜலீல் மச்சான் சரியாத்தான் சொல்லிருக்காக."

"ஆமா."

"கண்ணு?"

"போச்சு."

"வேற டாக்டர் பாத்தா?"

"யாரு பாத்தாலும் போச்சுதான்."

எழுந்து உள்ளே போனாள்.  திரும்பி வரும்போது முகத்தைத் துடைத்திருந்தாள். தெருவில் இறங்கி மேற்குப் பக்கம் போய் நின்று அண்ணாந்து பார்த்தாள். இடிபாட்டின் கனத்தில் ஜலீல் பக்கத்துக் கீழ் மச்சும் இறங்கியிருந்தது; நடுச்சுவரின் கீழ்ப்பாகம் மட்டும் பன்னிரண்டடி உயரத்துக்கு நின்றது. அந்தப் பக்கத்துக் காரை முழுதும் உரிந்து, பச்சைச் செங்கல் மாதிரி வெறும் மேனியாக இருந்தது. மலைக்கு மேல் கறுத்துக்கொண்டு வந்தது.

"பத்து நாள்ல அடைமழை பிடிச்சுக்கிரும். நனைஞ்சா இது நிக்காது. மேல மூடணும், அந்தப் பக்கம் முட்டுக் குடுக்கணும். அந்தப் பக்கம் அவுக எடம். அவுகளை உள்ள வச்சுட்டா யாரு செய்வா? அப்சலா?"

"உண்மையச் சொன்னா நீ உள்ள போகணும்."

"தெரியும். வாங்க, நீங்கதான் சாட்சி. அவன் பேச்சு உங்களுக்குத்தான் புரிஞ்சுச்சு."

ஸ்டேஷனில் ஜலீல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அறுபது வயது மனிதர். ஜிப்பா தோளில் கிழிந்திருந்தது, உதட்டில் ரத்தம். வாசலில் கூட்டத்தோடு அப்சல் நின்று கத்திக்கொண்டிருந்தான்.

"எழுதுனதை மாத்தணும்" என்றாள் ரெஹானா.

எஸ்.ஐ. நிமிர்ந்தார். "என்னம்மா, வெளையாட்டா இருக்கா?"

"தப்பாச் சொல்லிட்டேன். அவுக இடிக்கச் சொல்லலை. டிரைவரும் வேணும்னு இடிக்கலை. சிஸ்டர் சொல்லுவாக."

நான் சொன்னேன். மலையாளத்தில் ஒரு முறை, தமிழில் ஒரு முறை. எஸ்.ஐ. தலையைச் சொறிந்தார். "ஒரு வார்த்தைக்கா ஒருத்தன் கால், ஒருத்தன் கண்ணு? சரி, கண்ணை அடிச்சது யாரு? கூட்டம்னு போட்டுரவா?"

"நான்" என்றாள்.

ஜலீல் அப்போதுதான் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"மச்சான், நாளைக்குக் காலையில உங்க பக்கம் முட்டு வந்துரணும். தலைக்கு மேல தார்ப்பாய். அப்புறம் நீங்க தூண் ஏத்துறப்ப சொவத்தை ஒட்டி மூணு ஏத்துங்க. என் உத்திரம் அதுல உக்காரட்டும்."

"நீ எனக்கு ஆர்டர் போடுறியா?"

"ஆர்டர் இல்ல. நீங்க சொன்னது கீழச் சொவத்துல கை வைக்கமாட்டேன்னு. பாதி போச்சு. யாரு தப்போ, போச்சு. மிச்சத்தை நிப்பாட்டுனாத்தான் நீங்க சொன்னது நின்ன மாதிரி."

ஜலீல் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னார். அவளை இல்லை, மலையாளத்தை.

"சவுக்குக் கம்பு எத்தனை வேணும்?" என்றார் பிறகு.

மறுநாள் முட்டுகள் வந்தன. ஒன்பது கம்பு, அடியில் பலகை வைத்து ஆப்பு அடித்து, சுவரைத் தாங்கி நின்றன. மேலே தார்ப்பாய். ராக்கையா ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்தே யாரிடமோ செல்போன் வாங்கி, எந்தக் கம்பை எந்தச் சாய்வில் வைக்க வேண்டும் என்று கத்திக்கொண்டிருந்தார். காலை எடுத்த மறுநாள் அது. பக்கத்துக் கட்டில்காரர்கள் நர்சிடம் புகார் சொன்னார்களாம்.

அப்சலுக்கு இது பிடிக்கவில்லை. அப்பா ஜீப்பில் ஏறியதைத் தெருவே பார்த்தது. அதற்குக் காரணமானவளுக்கு இப்போது அப்பாவே முட்டுக் கொடுக்கிறார். அடுத்த புதன்கிழமை மதியம், தூறல் ஆரம்பித்திருந்தது, சம்மட்டியோடு வந்தான். முதல் கம்பின் ஆப்பைத் தட்டிவிட்டான். கம்பு சரிந்தது. இரண்டாவதும் சரிந்தது. சுவரிலிருந்து மண் உதிர்கிற சத்தம் கேட்டு ரெஹானா வெளியே ஓடி வந்து மூன்றாவது கம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"தள்ளு சின்னம்மா. மண்டையைப் பொளந்துருவேன்."

"பொள. இதை விடமாட்டேன்."

அவன் சம்மட்டியை ஓங்கினான். அது அவள் தோளை உரசிக் கம்பில் விழுந்தது. இரண்டாவது தடவை ஓங்கும்போது பின்னால் வந்த ஜலீல், சென்ட்ரிங் பலகை ஒன்றை எடுத்து மகனின் கழுத்தடியில் அடித்தார். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கிளினிக் வாசல் வரை கேட்டது. அவன் மண்டிபோட்டு விழுந்தான். ஜலீல் மறுபடியும் ஓங்கினார். ரெஹானாதான் கம்பை விட்டுவிட்டு வந்து அவர் கையைப் பிடித்தாள்.

"போதும் மச்சான், ஒங்க மகன்."

"சொந்தப் பிள்ளையை அடிச்சிட்டீகளே, இந்தப் பொம்பளைக்காக" என்று அப்சல் சேற்றில் கிடந்தபடியே அழுதான்.

"அவளுக்காகவாடா? அவ நாசமாப் போகட்டும். என் வாய்க்காகடா. பள்ளிவாசல்ல சொன்ன என் வாய்க்காக."

காறை எலும்பு. எட்டுப் போல் கட்டுப் போட்டு அனுப்பினேன்.  ஆறு வாரம் தூக்குத்துணியில் கையைப் போட்டுக்கொண்டு அலைந்தான். பிறகு திருப்பூருக்குப் போய்விட்டான்.

அன்று சாயங்காலமே ஆறு பேர் மழையில் நின்று முட்டுகளைத் திரும்ப ஏற்றினார்கள். ஜலீல் குடை இல்லாமல் நடுவில் நின்று ஒவ்வொருவனையும் வைதுகொண்டிருந்தார். ஜனவரியில் அவர் பக்கம் கான்கிரீட் தூண்கள் எழுந்தன. மூன்று தூண் சுவரை ஒட்டி வந்தது. ராக்கையா மார்ச்சில் கட்டைக் கால் போட்டுக்கொண்டு வந்து, தரையில் உட்கார்ந்தே கலவை சொல்லி, இரண்டு கொத்தனாரை வைத்து மாடியைத் திரும்ப எழுப்பினார். சுவருக்கு அந்தப் பக்கம் சிமெண்ட், இந்தப் பக்கம் சுண்ணாம்பு. உத்திரம் ஏற்றும்போது ஜலீலும் ரெஹானாவும் ஒருவரை ஒருவர் கேட்காத வசவு இல்லை. வேலை நிற்கவில்லை. நகராட்சியிலிருந்து ஒருவர் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, பழைய கட்டடம், பழுது பார்க்கப்பட்டது என்று எழுதிக்கொண்டு போனார். பத்தடி தப்பியது.

வழக்கு 2006 ஆகஸ்டில் முடிந்தது. தங்கச்சன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து சாட்சி சொன்னான். அவனால் இனி ஜேசிபி ஓட்ட முடியாது. ஒரு கண்ணுக்குத் தூரம் தெரியாது என்று நான்தான் அவனுக்கு விளக்கியிருந்தேன். ரெஹானா வக்கீல் சொல்லிக் கொடுத்த எதையும் சொல்லவில்லை.

"அடித்தீர்களா?" என்றார் நீதிபதி.

"அடிச்சேன்."

"ஏன்?"

"வேணும்னு இடிச்சான்னு நெனச்சேன்."

"நினைத்தது சரியா?"

"இல்லைங்க."

மூன்று மாதம். வெளியே வரும்போது தங்கச்சன் எதிரில் நின்றான். அவள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அவன் அவள் காலடியில் துப்பிவிட்டுப் போனான். போலீஸ்காரி அதட்டப் போனாள். "விடுங்க, அவன் பங்கு" என்றாள் ரெஹானா.

கடைச் சாவியை ராக்கையாவிடம் கொடுத்தாள். அவர் மனைவியோடு வந்து கீழே தங்கிக்கொண்டார். அந்த மூன்று மாதமும் மேற்குப் பக்கத்திலிருந்து ஒரு கல் விழவில்லை.

அக்டோபர் கடைசியில் நான் மதுரைச் சிறைக்குப் போய்ப் பார்த்தேன். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். மெலிந்திருந்தாள். கீழ் உதடு வீங்கி, பிளந்திருந்தது.

"யாரு?"

"கொழாயடியில ஒருத்தி. எனக்கு முன்னால கொடத்தை வச்சா. அவளைப் போயிப் பாருங்க, இதைவிட மோசம்."

"தையல் போடணும் அதுக்கு."

"ஆறிரும். அதை விடுங்க. அங்கன மழை எப்பிடி?"

"நாலு நாளாப் பேயுது."

"சொவரு?"

"நிக்கிது. மாடியில, நடுத்தூணுக்குப் பக்கத்துல கையகலம் ஈரம் தெரியுது. நான் தொட்டுப் பாத்தேன்."

அவள் வலையில் விரலைக் கோத்துப் பிடித்துக்கொண்டு முகத்தைக் கிட்டத்தில் கொண்டுவந்தாள்.

"சிமெண்டும் சுண்ணாம்பும் சேர்ற எடம். அதுல சிமெண்டை அப்பவிடாதீக. ராக்கையாண்ணன்ட சொல்லி விரல் ஆழத்துக்குச் சொரண்டி எடுக்கச் சொல்லுங்க. மழை விட்டுக் காஞ்சப்புறம் சுண்ணாம்பை நெருக்கி அடைக்கணும். அந்தப் பக்கம் மச்சான் வீட்டுத் தண்ணி சொவத்துல எறங்குதான்னு பாக்கச் சொல்லுங்க. எறங்குனா கொழாய் வைக்கச் சொல்லுங்க. மாட்டேன்னாகன்னா..."

"மாட்டேன்னாகன்னா?"

"இன்னும் பதினெட்டு நாள்ல வந்துர்றேன்னு சொல்லுங்க."

ஊருக்குத் திரும்பியதும் முதலில் ஜலீலிடம் போய் அதைச் சொன்னேன். அவர் கல்லாவில் உட்கார்ந்து கேட்டார். குழாய்க்காரனை அன்றைக்கே கூப்பிட்டார்.